நீலம் படர்ந்த ஒரு துண்டு

சைபீரியாவில் உள்ள யாகுத்தியாவின் உறைமண்ணிலிருந்து வந்த, யானைக்கு உறவான, அழிந்துபோன மாமூத்தின் தந்தத் துண்டு இப்போது என் செதுக்கு மேசையில். உள்ளங்கையளவுதான். வந்ததும் குறுக்குவெட்டை ஈரத்துணியால் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்றையொன்று வெட்டும் ஷ்ரேகர் கோடுகள், அதாவது தந்தத்தின் குறுக்குவெட்டில் தெரியும் வரிகள். பட்டையை, அதாவது தந்தத்தின் வெளியடுக்கை, ஒட்டிய இடத்தில் அவற்றின் கோணம் சராசரியாக 90 பாகைக்குக் குறைவென்றால் மாமூத். 115-ஐத் தாண்டினால் இன்றைய யானை. இதில் குறுங்கோணம். அப்பாடா! யானைத் தந்தத்தில் உளி வைக்க எனக்கு மனம் வராது.

வெண்ணெய் நிறத்தில், விரிசலில்லாத உட்பகுதிக்குத்தான் விலை அதிகம். எனக்கோ பட்டையில் படர்ந்த இந்த நீலம்தான் பிடித்தது. மண்ணின் இரும்பும் தந்தத்தின் பாஸ்பேட்டும் சேர்ந்து உண்டான விவியனைட் என்ற கனிமம் அது. நகத்தால் சுரண்டினேன், சுண்ணாம்பாக உதிரவில்லை. முன்பு ஒன்றை வெயிலில் காயவைத்து, அடுக்கடுக்காகப் பிளக்கவிட்டேன். இது துணி சுற்றி நிழலில் இருக்கிறது.