வீமனுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது

நான் இரவில்தான் எழுதுவேன். கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய மேசை. அதற்குக் கீழே எங்கள் நாய் வீமன் படுத்திருப்பான். எழுதியதை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். என் குரல் மாறினால் அவன் காதை நிமிர்த்துவான். கதிரையைத் தள்ளினால் நகங்கள் சீமெந்தில் சரசரக்க எழும்பி வருவான். கடந்த வைகாசியில் ஓர் இரவு கதிரையைத் தள்ளினேன், அவன் எழும்பவில்லை.

மறுநாள் சூடை மீன் போட்டுப் பிசைந்த சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். முதலில் கொண்டுபோன இடத்தில் இரத்தம் எடுக்காமலே ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மூக்கால் இரத்தம் கசிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முரசு வெளிறிக் கிடந்தது. ஓட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு வேறொரு மிருக வைத்தியரிடம் ஓடினேன். காய்ச்சல் 104.5. இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகள் 38,000. 2 இலட்சத்துக்குக் கிட்டவாவது இருக்கவேண்டுமாம். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகும் எர்லிக்கியா என்ற கிருமிதான் காரணம்.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. ஆனா குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது" என்றார்.

டொக்சிசைக்கிளின். வீமனின் 20 கிலோ எடைக்குக் காலையும் மாலையும் 100 மில்லிகிராம், 28 நாட்கள். பாலில் கரைத்துக் கொடுப்போம் என்றார் அம்மா. நல்ல காலம், வைத்தியரிடம் கேட்டேன். பாலிலுள்ள கல்சியம் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் கொடுத்தால் சத்தி வரும், தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும். அவித்த ஈரல் துண்டுக்குள் வைத்தேன். முதல் நாட்களில் அதையும் துப்பினான். வாயைத் திறந்து அடிநாக்கில் வைத்து, தொண்டையைத் தடவி, விழுங்கிய கையோடு கொஞ்சம் தண்ணீர் பருக்கினேன். அவன் ஒருமுறையும் உறுமவில்லை. என் கையை நம்பி வாயைத் தந்தான். இன்றைக்கு நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

காய்ச்சல்தானே, பனடோல் கொடுங்கோ என்று அயலில் சொன்னார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள், நாய்க்கு அது நஞ்சாகலாம்.

அப்புறம் வீடு. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் துப்புரவாக்கிப் பயனில்லை. அவன் படுத்த சாக்கை எரித்தோம், விறாந்தை வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்தோம். அவனில் ஒட்டியிருந்த உண்ணிகளை இடுக்கியால் தோலோடு அணையப் பிடித்து நேராக இழுத்தேன். கையால் நசுக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு வரிகூட எழுதவில்லை. பாதியில் நின்ற கதையின் கொப்பியிலேயே குளிசை நேரம், காய்ச்சல், எத்தனை பிடி சோறு என்று குறித்துவந்தேன். 6ஆம் நாள்: "தானே தண்ணீர் குடித்தான்." 11ஆம் நாள்: "படலை வரை நடந்தான்." குளிசை முடிந்தபின் எடுத்த பரிசோதனையில் சிறுதட்டுகள் 2,40,000.

கதையை அதே கொப்பியில் தொடர்கிறேன். குறிப்பெழுதிய பக்கங்களைக் கிழிக்கவில்லை. நேற்றிரவு ஒரு பந்தியை வாசித்து முடித்துக் கதிரையைத் தள்ளினேன். சீமெந்தில் நகச் சத்தம் கேட்டது.