போயிட்டு வர்றேன், இத்தெ கிமஸ்

என் அண்ணன் மகள் முதியோர் பராமரிப்புப் பணிக்காக ஜப்பான் செல்ல ஆயத்தமாகி வருகிறாள். மதுரை பைபாஸ் சாலையில் மாலையில் நடக்கும் ஜப்பானிய மொழி வகுப்புக்குத் தனியாகப் போக அவள் தயங்கியதால், நானும் கட்டணம் கட்டிச் சேர்ந்தேன். ஓர் எழுத்துகூட அறியாமல் தொடங்கிய எனக்கு, நான்கு மாதங்களில் வழி கேட்கவும், கடையில் விலை கேட்டு வாங்கவும், என்னைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லவும் வருகிறது.

முதல் மாதம் வீணானதற்குக் காரணம், ஆங்கிலத்தின் வழியாக நுழைந்ததுதான். பாடநூல் ஆங்கிலத்தில் இருந்ததால், ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாகப் புரட்டி, பிறகு மீண்டும் தமிழுக்குப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலை, அவள் செருப்பை மாட்டிக்கொண்டே "அத்தை, போயிட்டு வர்றேன்" என்றாள். "போயிட்டு வாம்மா" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. "நில்லுடி, நேத்து படிச்சோமே, வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொல்றது, அது என்ன?" என்றேன். "இத்தெ கிமஸ்" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். 'இத்தெ' என்றால் போய். 'கிமஸ்' என்றால் வருகிறேன். வீட்டில் இருப்பவர் சொல்லும் 'இத்தெரஷ்ஷாய்' என்பதும் 'போய் வாருங்கள்' என்பதே. வாசலில் நின்று 'போகிறேன்' என்று சொல்லக்கூடாது என வளர்ந்த நமக்கு, இதை விளக்க ஆங்கிலம் எதற்கு?

அன்று முதல் பாடநூலின் விளக்கத்தை விட்டுவிட்டு, தமிழை நேராகப் பக்கத்தில் வைத்துப் படித்தோம். 'மதுரை கர பஸு தெ கிமஷித' என்பதில் 'கர' இலிருந்து, 'தெ' இல், 'கிமஷித' வந்தேன். 'மதுரையிலிருந்து பேருந்தில் வந்தேன்' என்ற வரிசை சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. நம் வினையெச்சம் செய்யும் வேலையைப் பெரும்பாலும் 'இத்தெ' போலத் 'தெ'யில் முடியும் அவர்களுடைய வினை வடிவம் செய்கிறது. ஜிகர்தண்டாவைக் கையில் கொடுத்து 'குடித்துப் பாருங்கள்' என்கிறோமே, அதுவே 'நொந்தெ மிதெ குதஸாய்'. இதில் 'மிதெ' என வரும் 'மிரு' என்னும் வினைக்குப் பொருள் 'பார்' என்பதே. 'கொண்டு வா' என்பதும் அப்படித்தான், 'மொத்தெ குரு'. சுட்டிலும் இது, அது என்ற இரண்டோடு நிற்காமல், கேட்பவர் பக்கம் இருப்பதற்கு 'ஸொரெ' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்ற தொல்காப்பிய நூற்பாவைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அந்த உகரம் எதற்கு என்று எனக்கு விளங்கியதில்லை. யாழ்ப்பாணத்தார் இன்றும் 'உது' என்பதை இங்கேதான் நினைத்துக்கொண்டேன்.

இரு மொழிகளும் உறவுடையவை என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாக்கியத்தைக் கட்டும் முறை ஒத்திருப்பது படிப்பவருக்குப் பெரிய உதவி.

ஆனால் தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பதை மட்டும் நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விடைபெறும்போது 'மறுபடி நாளை' என்ற பொருளில் 'மத அஷ்த' என்பார்கள். இதில் உள்ள தகரம், 'பத்து' என்னும்போது வருவதுபோல் வன்மையாக ஒலிக்க வேண்டும். நான் நோட்டில் 'மத' என்று எழுதியிருந்ததால், நம் வழக்கப்படி உயிர்களுக்கு நடுவே மெலிந்துவிட்டது. அப்படி மெலிந்தால் அது 'இன்னும்' என்று பொருள்படும் வேறு சொல். சரி, 'மத்த' என்று எழுதுவோம் என்றால், அது 'காத்திருந்தேன்' என்றாகிவிடுகிறது! மூன்று தனித்தனிச் சொற்கள் நம் எழுத்தில் இரண்டாகச் சுருங்குகின்றன. இந்தப் பதிவில் நான் தமிழில் எழுதியிருப்பவையும் தோராயமே. ஆகவே அவர்களுடைய அடிப்படை எழுத்து வகையான ஹிரகனாவின் 46 எழுத்துகளையும் முதல் இரண்டு வாரத்திலேயே கற்றுவிட வேண்டும். பேசத்தானே படிக்கிறோம் என்று தள்ளிப்போடக்கூடாது. குறில் நெடிலில் நமக்குச் சிரமமில்லை: 'ஒபஸன்' அத்தை, 'ஒபாஸன்' பாட்டி.

வினையில் நான், நீ, அவர் என்ற விகுதி இல்லாததற்குப் பழகிவிட்டேன். எண்ணிக்கைதான் இன்னும் பிடிபடவில்லை. ஆட்களுக்கு ஒருவர், இருவர் என நமக்கும் தனி வழக்கு உண்டு. அவர்களோ தட்டையான பொருளுக்கு ஒன்று, நீண்ட பொருளுக்கு வேறொன்று என்று வைத்திருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டின்போது, ஜப்பானிய மொழியில் எண்ணிச் சொன்னால்தான் அண்ணன் மகள் என் தட்டில் வைக்கிறாள். இட்லிக்கு ஹிதொத்ஸு, ஃபுதத்ஸு. தோசைக்கு இச்சிமாய், நிமாய். வாழைப்பழத்துக்கு இப்பொன், நிஹொன், ஸம்பொன். நான்காவது பழத்துக்கு 'யொன்ஹொன்' என்பது எனக்கு இன்னும் சட்டென்று வாயில் வருவதில்லை.