கப்ரோனியின் ஒன்பது இறக்கை விமானம்: மூன்றாவது வாரம்

ஒன்பதாவது இறக்கையும் நேற்று இரவு ஒட்டியாகிவிட்டது. 1/50 அளவு மாதிரி என்பதால் இறக்கை நீளம் 60 செ.மீ., உடல் 47 செ.மீ. மேசையில் வைத்தால் வேறு எதற்கும் இடமில்லை.

அசல் விமானம் சிஏ 60. 100 பயணிகளோடு அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும் என்று இத்தாலியின் ஜியானி கப்ரோனி கட்டியது. முதல் உலகப் போர்க்காலத்தில் அவரே செய்த மூன்றடுக்கு குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைகளை எடுத்து முன், நடு, பின் என மூன்று தொகுதியாக தண்ணீரில் மிதக்கும் ஒரு படகுடலின் மேல் நிறுத்தினார். தலா 400 குதிரைத்திறனில் 8 லிபர்ட்டி என்ஜின்கள். படத்தைப் பார்த்ததும் சிரிப்பவர்களே அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 26 டன்னைத் தூக்க 750 சதுர மீட்டர் இறக்கை வேண்டும்; நம்பிக்கையான இறக்கை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அன்றைக்கு அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் அடுக்கியிருப்பேன்.

1.5 மி.மீ. பால்சா (மிக லேசான மரம்) பலகையை நனைத்து, பிவிசி குழாயில் துணியால் கட்டி ஒரு ராத்திரி காயவிட்டால் வளைவு வந்துவிடுகிறது. தூண்களுக்கு மூங்கில் சீவிப் பார்த்தேன், கனம். தென்னை ஈர்க்குதான் சரியாக அமைந்தது. மூன்று இறக்கையும் ஒரே இடைவெளியில் நிற்க, அட்டையில் பள்ளம் வெட்டி ஒரு தாங்கி செய்தேன். முதல் தாங்கி அரை மி.மீ. பிசகியதில் பின் தொகுதி முழுவதும் முறுக்கிக்கொண்டது. பிரித்து மறுபடி ஒட்ட நான்கு நாள் போனது.

அண்ணன் மகள் வந்து பார்த்தாள். "சித்தப்பா, இதுக்கு வால் எங்க?"

வால் கிடையாது. மேலே ஏற, கீழே இறங்க முன் தொகுதியிலும் பின் தொகுதியிலும் இறக்கை விளிம்பில் உள்ள அசையும் பலகைகளை எதிரெதிராக அசைக்க வேண்டும். அவள் கேட்ட பிறகுதான் எடை மையத்தைப் பற்றி ஒழுங்காக யோசித்தேன். முன் இறக்கைகள் கீழே தள்ளிய காற்றில்தான் பின் இறக்கைகள் போகின்றன. அவற்றுக்குத் தூக்கும் விசை குறைவு. அதனால் மையம் நடுத் தொகுதிக்குச் சற்று முன்னால் வர வேண்டும்.

முதலில் மையத்தை நடுத் தொகுதிக்கு நேர் கீழே வைத்து மொட்டை மாடியில் வீசிப் பார்த்தேன். மூக்கைத் தூக்கியது, நின்றது, பின்பக்கமாகச் சரிந்து மெத்தையில் விழுந்தது. களிமண் ஒட்டி மையத்தை 2 செ.மீ. முன்னே கொண்டுவந்து, முன் தொகுதியின் முன்விளிம்பை 2 டிகிரி உயர்த்தினேன். மாடியின் நீளம் முழுக்க அலுங்காமல் மிதந்து போனது! அவ்வளவு நிதானமாகப் போகும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

இன்றைய சோதனைதான் எனக்கு முக்கியம். 1921 மார்ச் 4 அன்று மஜ்ஜோரே ஏரியில் சோதனை விமானி செம்ப்ரினி அசல் விமானத்தைக் கிளப்பியபோது, 60 பயணிகளின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகள் இருந்தன. நீரை விட்டு எழுந்ததும் மூக்கு அளவுக்கு மீறி மேலே ஏறியது. பின்பகுதி தாழ்ந்து தண்ணீரில் மோதியது. அடுத்து மூக்கு விழுந்து முன் தொகுதி நொறுங்கியது. விமானி பிழைத்தார். கட்டப்படாத மூட்டைகள் பின்னால் சரிந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

130 கிராம் மாதிரிக்குள் 20 கிராம் மணலை ஒரு காகிதக் குழாயில் தளர்வாக, முன்பக்கம் குவியும்படி வைத்தேன். அது 18 செ.மீ. பின்னால் ஓடினால் மையம் 2.4 செ.மீ. நகர்கிறது, நான் கொடுத்த 2 செ.மீ. அப்படியே காலி. மூன்று முறை வீசினேன். மூன்றிலும் மூக்கு லேசாக உயர்ந்ததும் மணல் ஓடும் சத்தம், உடனே பின்பக்கம் சரிவு. பிறகு குழாய்க்குள் அட்டையால் நான்கு தடுப்பு வைத்தேன். பழையபடி மிதந்தது.

ஏரியில் நடந்தது இதுதான் என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூட்டை சரிந்தால் இந்த விமானத்துக்குத் தப்பிக்க இடமில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இனி எட்டு என்ஜின்களும் பாக்கி. நான்கு முன் தொகுதியில், நான்கு பின் தொகுதியில். எடையைச் சமமாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றையும் நிறுத்துத்தான் ஒட்டப்போகிறேன்.