கரு அனுப்பும் முதல் செய்தி: நாட்குறிப்பு

மார்ச் 4

செம்மறி ஆட்டின் பருவச் சுழற்சி 16 அல்லது 17 நாள்களில் முடிந்துவிடுகிறது. கரு கருப்பைச் சுவரைப் பற்றத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த நாள்களில்தான். ஆகவே நன்றாக ஒட்டுவதற்கு முன்பே அது தன் இருப்பைத் தெரிவித்தாக வேண்டும். 1966இல் மூர், ரௌசன் என்ற ஆய்வாளர்கள் கருமாற்றச் சோதனைகளால் இந்தக் கெடுவைக் கண்டறிந்தனர். சினைப்படாத ஆட்டின் கருப்பையில் 12ஆம் நாளுக்குள் கருவை வைத்தால் சினை நிலைத்தது. மிகவும் பிந்தினால், சூலகத்திலுள்ள மஞ்சள் உடலம் சிதைந்து, அது சுரந்துவந்த, சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனும் வற்றி, ஆடு மறுபடியும் பருவத்துக்கு வந்தது. 1969இல் ஆய்வாளர் ரோஜர் ஷார்ட் இதற்குத் ‘தாய் சினையை அறிதல்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ‘அறிதல்’ என்றதும் மூளை நினைவுக்கு வருகிறது, இங்கே வழக்கு நடப்பதோ கருப்பைக்கும் சூலகத்துக்கும் இடையில்.

மார்ச் 6

கருப்பையை உப்புநீரால் கழுவியெடுத்த 15ஆம் நாள் செம்மறிக் கருவை இன்று கண்ணாடிக் கிண்ணத்தில் பார்த்தேன். முதலில் சளித்துணுக்கு என்றே நினைத்தேன். கிண்ணத்தை மெல்ல ஆட்டியதும் அது பிரிந்து, ஒரு மில்லிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட வெண்ணிற இழையாக நீண்டது; இடுக்கியால் தூக்கினால் துவண்டு கசங்கிவிடுகிறது. ஆட்டுக்குட்டியாக வளரப்போகும் பகுதி அதில் ஒரு சிறு புள்ளி மட்டுமே. மற்றதெல்லாம் கருப்பைச் சுவரை இயன்ற அளவு தொட்டுக்கொண்டிருப்பதற்கான புறப்படலம்.

மார்ச் 7

அந்தப் புறப்படலம் சுரக்கும் புரதம், வைரஸை எதிர்க்கும் இன்டர்பெரான் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது 1987இல் தெரியவந்தது. இன்று அதை இன்டர்பெரான் டாவ் என்கிறோம். கரு இல்லாத கருப்பையின் உட்சுவரில், ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் பெருகுகின்றன. ஆக்ஸிடோசின் அவற்றில் இணைந்ததும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் விட்டுவிட்டுச் சுரந்து, இரத்தவழியே சூலகத்தை அடைந்து மஞ்சள் உடலத்தை அழிக்கிறது. இன்டர்பெரான் டாவ் அந்த ஏற்பிகளைத் தோன்றவிடாமல் தடுக்கிறது. அதாவது, கரு கேட்பது ‘கொடு’ என்பதன்று, ‘அழிக்காதே’ என்பதே. மனிதக் கருவின் வழி வேறு: அது சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் கருப்பையைத் தடுத்து நிறுத்துவதில்லை, நேரே மஞ்சள் உடலத்தையே தூண்டித் தாங்குகிறது.

மார்ச் 10

பன்றிக்கரு 11, 12ஆம் நாள்களில் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அதனால் புரோஸ்டாகிளாண்டின் நிற்பதில்லை, இரத்தத்துக்குச் செல்லாமல் கருப்பையின் உட்குழிக்குள் திருப்பிவிடப்படுகிறது. பொதுவாகக் குறைந்தது நான்கு கருக்களாவது இருந்தால்தான் சினை நிலைக்கும்.

மார்ச் 13

குதிரையிடம் வந்ததும் கையிலிருந்த குறிப்புகளையெல்லாம் ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. அங்கே கரு நீள்வதே இல்லை. உறை போர்த்த உருண்டையாக, கருப்பையின் சுருக்கங்களால் உந்தப்பட்டு, 16ஆம் நாள் வாக்கில் ஓரிடத்தில் நிலைகொள்ளும்வரை கருப்பையின் இரு கிளைகளான கொம்புகளிலும் உலவுகிறது. கட்டுப்போட்டு அதை ஒரே கொம்பில் அடைத்துவைத்த சோதனைகளில் சினை கலைந்தது. ஆட்டுக்கரு நீண்டு செய்வதைக் குதிரைக்கரு நடந்து செய்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்கும் முன்பே, கருக்குழாயில் இருக்கும்போதே, அது புரோஸ்டாகிளாண்டினின் வேறொரு வகையான ஈ2வைச் சுரந்து குழாயைத் தளர்த்திக் கருப்பைக்குள் இறங்குகிறது. கருவுறாத முட்டைகள் குழாயிலேயே தங்கிவிடுகின்றன.

மார்ச் 16

பேச்சு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எழுவதில்லை. லிஃப் என்ற புரதத்தைச் சுரக்க இயலாத பெண் எலிகளில் கரு ஒட்டுவதில்லை என்று 1992இல் காட்டப்பட்டது. அதே கருக்களை இயல்பான எலிகளுக்கு மாற்றியபோது ஒட்டி வளர்ந்தன.

ஐரோப்பாவின் ரோ மான் ஜூலை, ஆகஸ்டில் இணைசேர்ந்தாலும், அதன் கரு டிசம்பர், ஜனவரிவரை மிக மெதுவாக வளர்ந்தபடி ஒட்டாமல் மிதக்கிறது. இத்தனை மாதங்கள் மஞ்சள் உடலத்தை அது எப்படிக் காக்கிறது என்று தேடினேன். காக்க வேண்டியதே இல்லை: சினைப்பட்ட மானிலும் படாத மானிலும் அந்த மாதங்கள் முழுவதும் மஞ்சள் உடலம் ஒன்றுபோலவே நிலைத்திருக்கிறது.