வீட்டில் விசேஷம் ஏதாவது உண்டா?

கால்நடை மருத்துவம் படிக்கிறேன் என்றால் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "நீட்ல மார்க் வரலையா?" என்றுதான். மாநில இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு என்று விளக்கி அலுத்துவிட்டது. அடுத்த கேள்வி, "மாடு வாய் திறந்து சொல்லாதே, எப்படிக் கண்டுபிடிப்பே?" மாடு சொல்லிவிடும். மறைப்பது கூட வருகிறவர்கள்.

ஐந்தரை வருடப் படிப்பில் கடைசிக் கட்டமான இன்டர்ன்ஷிப்பில், நாமக்கல்லில் இருக்கிறேன். முட்டைக்குப் பேர் போன ஊர்தான், ஆனால் காலையில் வண்டியேற்றிக் கொண்டுவருவது மாட்டையும் ஆட்டையும். முகூர்த்த நாள் முடிந்தால் போதும், ஒரு கேஸாவது நிச்சயம்.

போன வாரம் ஒரு ஜெர்சிக் கலப்பினப் பசு. இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே முஷ்டியை அழுத்தி வைத்தால், நல்ல மாட்டில் இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு மூன்று முறையாவது வயிறு புரண்டு கையைத் தள்ளும். இதில் அசைவே இல்லை. குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம். கண் குழி விழுந்திருந்தது, சாணத்தில் புளித்த வாடை.

"என்ன தின்னுச்சுங்க?"

"எப்பவும் போலத்தானுங்க. சோளத்தட்டு, தவிடு."

"வீட்ல விசேஷம் ஏதாச்சும்?"

மாட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அக்காதான் சொன்னார்: "வளைகாப்புங்க டாக்டரம்மா. மிச்சச் சோத்தைக் குண்டாவோட வெச்சுட்டோம். கீழ கொட்ட மனசு வரலைங்க."

இதற்குப் பெயர் ரூமன் அசிடோசிஸ்: மாட்டின் நாலு வயிற்றில் முதலாவதான ரூமனில் அமிலம் ஏறிப்போவது. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் கோதுமை, பார்லி என்று இருக்கும். நம்மூரில் பொங்கல், கஞ்சி, பந்தி மிச்சம். முதல் வயிற்றில் நார்ச்சத்தைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்கு நடுவே திடீரென அவ்வளவு மாவுச்சத்து போனால், லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகிவிடும். அமிலம் ஏற ஏற பி.ஹெச். அளவு இறங்கும்; 6, 7 என்று இருக்கவேண்டியது 5-க்கும் கீழே போகும். உடம்பிலிருக்கும் தண்ணீரையெல்லாம் வயிறு இழுத்துக்கொள்ளும். முற்றினால் ஓரிரு நாளில் மாடு போய்விடும்.

வயிற்றுச் சாற்றை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நல்ல சாறு என்றால் பச்சை கலந்த பழுப்பாக இருக்கும், புரோட்டோசோவா என்கிற ஒருசெல் உயிரிகள் திருவிழாக் கூட்டம் மாதிரி முட்டி மோதிக்கொண்டிருக்கும். இது வெளிறிப் பால்போல இருந்தது. ஒன்றுகூட நகரவில்லை.

சிரை வழியே குளுக்கோஸ் இல்லாத சலைன், சோடியம் பைகார்பனேட். அப்புறம் நல்ல மாட்டின் வயிற்றுச் சாற்றைக் குழாய் போட்டு எடுத்து இதற்கு ஊற்றினோம், செத்துப்போன நுண்ணுயிரிகளுக்குப் பதிலாக. எனக்கு இந்தப் படிப்பிலேயே பிடித்த வைத்தியம் இதுதான்.

அவர்கள்மேல் கோபம் வரவில்லை. இல்லாத வீட்டில் சோற்றைக் குப்பையில் கொட்டச் சொல்ல எனக்கும் வாய் வராது. கொஞ்சமாக, வைக்கோலோடு கலந்து வையுங்கள் என்றுதான் சொன்னேன். மறுநாள் பசு எழுந்து நின்று இரண்டு வாய் பசும்புல் கடித்தது. கிளம்பும்போது அண்ணன் மெதுவாகக் கேட்டார்:

"இன்னும் அரைக் குண்டா கிடக்குதுங்க. ஆட்டுக்கு வைக்கலாங்களா?"

ஆட்டுக்கும் நாலு வயிறுதான் அண்ணா என்றேன்.