ரைசினா குன்றில் ஒலிக்கும் எக்காளம்

டெல்லிக்குச் செல்பவர்களில் பலர் ரைசினா குன்றிலுள்ள குடியரசுத் தலைவர் மாளிகையின் அறைகளையும் தோட்டத்தையும் பார்ப்பதோடு திரும்பிவிடுகிறார்கள். இந்தக் குளிர்காலத்தில் நான் அங்கே சென்றது, சனிக்கிழமைகளில் அதன் முன்முற்றத்தில் நடைபெறும் காவல் மாற்றும் நிகழ்ச்சியின் இசையைக் கேட்பதற்காகவே.

ஜெய்ப்பூர்த் தூண் நிற்கும் அந்த முற்றத்தில், நீலமும் பொன்னிறமும் கலந்த தலைப்பாகையும் நீண்ட சிவப்பு அங்கியும் அணிந்த குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையினர் ஈட்டி ஏந்திக் குதிரைகளில் வந்தனர். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773-இல் வாரணாசியில் தொடங்கிய படை இது. வெள்ளி எக்காளத்தையும் அதன் பதாகையையும் ஏந்தும் உரிமை இந்திய இராணுவத்தில் இந்தப் படைக்கு மட்டுமே உண்டு. 150 ஆண்டுப் பணியைப் பாராட்டி, 1923-இல் வைஸ்ராய் ரீடிங் பிரபு முதன்முதலில் அவற்றை வழங்கினார். குடியரசான பின் 1957-இல் இராஜேந்திர பிரசாத் தம் எக்காளத்தையும் பதாகையையும் அளித்தார். அடுத்தடுத்து வந்த தலைவர்களும் அவ்வாறே வழங்கிவர, திரௌபதி முர்மு 2022 அக்டோபரில் வழங்கினார். எக்காளத்திலிருந்து தொங்கும் பதாகையில் தலைவரின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஊதுபவர் கருவியை உயர்த்தும்போது அந்தப் பட்டுத்துணி முழுதாக விரிவதைப் பார்ப்பதற்கென்றே முன்வரிசையில் இடம்பிடிக்கலாம்.

என்னை மிகவும் கவர்ந்தது, நாட்டுப்பண்ணுக்கு முன் எழும் முரசொலிதான். பேண்டு வாத்தியக் குழு நாட்டுப்பண்ணை இசைக்கும்போது, கேட்போர் முன்கூட்டியே அறிவதற்காக முரசைத் தொடர்ந்து முழக்க வேண்டும் என்பது அரசின் விதி. படையினர் மெதுநடையில் 7 எட்டு, அதாவது 7 காலடி, வைக்கும் நேரம் அது நீடிக்க வேண்டும். மெல்லத் தொடங்கி, இயன்ற அளவு உச்சத்துக்கு ஏறி, மீண்டும் தணிந்து, ஏழாவது எட்டு வரை காதில் விழுந்துகொண்டிருக்க வேண்டும். அதன்பின் ஓர் எட்டு நேரம் நிசப்தம். பிறகு, 52 விநாடிகளில் முடியும் முழுப் பாடல். சுவாமி புறப்பாட்டில் நாகசுரத்தின் மல்லாரி இசை கேட்டவுடன் கூட்டத்தின் கடைசியில் நிற்பவரும் கைகூப்புவதுபோல, முரசு ஏறத் தொடங்கியதுமே சுற்றியிருந்த அனைவரும் எழுந்து நின்றுவிட்டனர். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. ஒரு நாட்டின் தலைமைக்குரிய மரியாதையை இத்தனைச் சுருக்கமாகவும் கம்பீரமாகவும் உணர்த்த இசையால்தான் முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு, அடையாள அட்டையுடன் சற்று முன்னதாகவே சென்றுவிடுங்கள். குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். முரசுக்கும் பாடலுக்கும் இடையிலுள்ள அந்த ஓர் எட்டு நிசப்தத்தைக் கவனிக்கும்படி அவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.