தரம் 3 பெற்றோருக்கு

வீட்டுவேலை இனி அரை மணித்தியாலத்துக்கு மேல் வராது. ஒரு பக்கம் வாசிப்பு, நாலைந்து கணக்கு, அவ்வளவுதான். தயவுசெய்து பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். அழித்து அழித்துத் தாள் கிழிந்த கொப்பிதான் எனக்கு வேணும். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று அதில்தான் தெரியும்.

அடுத்த வாரம் சுற்றாடல் பாடத்தில் குளம். கனகராயன் ஆற்றுத் தண்ணீர் இரணைமடுக் குளத்துக்கு வந்து, வாய்க்கால் வழியே வயலுக்குப் போவதைப் பிள்ளைகளே வரைவார்கள். வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், முந்திக் காலபோகத்தில், அதாவது மாரி மழையோடு, நெல் எப்படி விதைத்தார்கள் என்று கேட்டு வரட்டும். எழுத வேண்டாம், வகுப்பில் சொன்னால் போதும்.

அப்புறம், ஒரு வெறும் போத்தலில் கொஞ்சம் வயல் மண் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் களி மேலேயும் படியும். திங்கட்கிழமையே வந்தால் நல்லது.